கடல் கடந்த கல்வியும் ஊர்க் குளத்து நீரும்

இந்திய நாட்டின் நீர்ப்பாசன வரலாற்றை எழுதுவோர் அணைகளையும் கால்வாய்களையும் எண்ணுவர். அந்த நீரைத் தொடும் உரிமையின்றிக் கரையில் நின்ற மக்களை எண்ணுவதில்லை. இவ்விரு வரலாறுகளும் ஒருவரது வாழ்வில் ஒன்றுகூடின. அவரே அண்ணல் அம்பேத்கர்.

பள்ளியில் தாகமெடுத்தால் குழாயைத் தாமே திறக்க அவருக்கு உரிமையில்லை. பணியாள் வந்து திறந்தால்தான் தண்ணீர். அந்தச் சிறுவர் வளர்ந்து, 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். 1916இல் இலண்டன் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. எனினும் மனந்தளராது 1920இல் மீண்டும் சென்று, பாரிஸ்டர் தகுதி பெற்று 1923இல் திரும்பினார்; டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

அக்கல்வியை அவர் கொண்டு சென்ற இடங்களுள் ஒன்று ஒரு குளக்கரை. மகாத் நகரின் சவுதார் குளத்தைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட அந்நகராட்சி 1924இல் தீர்மானித்திருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது, நீரோ எட்டவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று அண்ணல் அந்நீரை அள்ளிப் பருகினார். சாதி இந்துக்கள் குளத்துக்குத் ‘தீட்டுக் கழித்தனர்’, வழக்கும் தொடுத்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1937இல், பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் ஆறு பெருவெள்ளத்தால் வங்காளத்தை வருத்தியது. வெள்ளத்தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் இணைக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டம் அதற்கு முன்மாதிரியாயிற்று. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945இல் தோன்றியது. மிகுந்த நீர் தீங்கன்று, அதனைத் தேக்கிப் பயன்கொள்ளாமையே தீங்கு என்பது அவர் கொள்கை. குழாயைத் திறக்க உரிமையற்றிருந்தவர் ஆறுகளுக்குத் திட்டம் வகுத்தார்!

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்த எவரையும் சாதியின் பேரால் தடுத்தலாகாது என விதித்தது. வெளிநாட்டில் மேற்படிப்புப் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1954–55இல் தொடங்கியது.

இளைஞர்களே! நீரறிவு நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஏரியின் மதகைத் திறந்து மூடி, வாய்க்கால்தோறும் நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகள் நம் முன்னோரே. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை அவர்கள் அறிவர். பாய்ந்ததோ பிறர் நிலத்தில். கிடைத்ததோ களத்து மேட்டில் சில மரக்கால் நெல். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறவில்லை, பட்டமும் பெறவில்லை.

ஆகவே நீரியல் பயிலும் நம் மாணவர் களப்பயிற்சியை ஊர் ஏரிக்கரையில் தொடங்குக. முதிய நீர்க்கட்டியிடம் கேட்டு, கலங்கலையும் மதகையும் அளந்து எழுதுக. பின்னர் உதவித்தொகை பெற்றுக் கடல் கடந்து பயில்க. பயின்றபின் திரும்பி வருக. மதகைத் திறந்த கை, இனி நீரைப் பங்கிடும் முடிவையும் எழுதட்டும்!