மண்வேலையும் சாட்சித் திட்டும்



கல்லைச் செதுக்கினவன் புகழைக் கல்லே சொல்லும். மண்ணை வெட்டினவன் புகழைச் சொல்ல மண்ணுக்கு வாயில்லை. ஆதலின், போயர் என்றும் ஒட்டர் என்றும் வழங்கப்பெறும் நம் குலத்தார்க்கு வழிவழித் தொழிலாகிய மண்வேலையின் வரலாற்றை, இவ்வள்ளூர்ப் பக்கத்தையும் சென்னையையும் வைத்தே சிறிது ஆராய்வோம்.

மண்வேலை போருக்கும் உரித்து, வாழ்வுக்கும் உரித்து. இரண்டிற்கும் விதி ஒன்றே: பள்ளத்து மண்ணே மேடாதல் வேண்டும். அகழி மண் மதிலாகும். கால்வாய் மண் கரையாகும். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட காலை, அவன் படை வடபுறத்தினின்று குழி வெட்டி நெருங்கிற்று. நேரே வெட்டின் கோட்டைக் குண்டு குழி நெடுகப் பாயுமாதலின், இத்தகைய குழிகளை வளைத்து வளைத்து வெட்டி, மண்ணைக் கோட்டை நோக்கிய பக்கத்தே குவிப்பது முறை. கல்லைச் சிதறடிக்கும் குண்டு மண்ணிற் புதைந்து ஓயும். ஆங்கிலேயர் கப்பல்கள் வந்த பின்னரே அம்முற்றுகை நீங்கிற்று.

இனி வாழ்வுக்காகிய மண்வேலை. நம்மூர்க்குக் கிழக்கே எண்ணூர்க் கழியை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், 1806-ல் பாசில் காக்ரேன் என்பார் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டுவித்ததில் தொடங்கிற்று. பின்னர்ப் பழவேற்காடு வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 5 மைல் பகுதியைப் பசித்தோர் வெட்டினர். 1877-ன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச வேலைக்கு வகுத்த கூலி, ஆடவனுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவுமே. அஃது உயிர் தாங்கப் போதாதென்று மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டிலேயே தானியம் 1¼ பவுண்டாயிற்று. வெட்டினவர் பெயர் எங்கும் இல்லை. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது.

‘இக்கால்வாய் முழுதும் நம்மவர் வெட்டியதே’ என்று மேடையில் முழங்குதல் எளிது, ஆயினும் பொருந்தாது. பஞ்ச வேலைக்கு மக்களை அழைத்தது பசியேயன்றிக் குலமன்று. பல குலத்தாரும் அங்கே கூடை சுமந்தனர்.

மண்வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மண் எடுத்த பள்ளத்தின் நடுவே வெட்டாத திட்டு ஒன்றை விட்டுவைப்பர். அதன் உயரமே பள்ளத்தின் ஆழத்திற்குச் சாட்சி. அதனை அளந்தே கூலி. திட்டின்மேல் மண் இட்டு உயர்த்துவது களவு. அளக்குமுன் அதனைக் கலைப்பதோ கூலியை இழப்பது. வரலாறும் அத்தகையதே. பெருமைக்காக உண்மையை உயர்த்தலும் ஆகாது. மண்வெட்டியை நினைந்து நாணி அதனைக் கலைத்தலும் ஆகாது.

ஆதலின், ஒவ்வோரில்லத்தும் முதியோர் தாம் வெட்டிய ஏரி இன்னது, கரை இன்னது என்று சொல்ல, இளையோர் உள்ளவாறே எழுதி வைப்பாராக. அவ்வேடே நம் சாட்சித் திட்டு.