பட்டம் என்ற கூலி

1899-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பெண்களைக் குறித்து இரண்டு முடிவுகளை எடுத்தது. கலிஃபோர்னியாவில் அது திறக்கப்பட்டு அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முதல் நாளிலிருந்தே ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்த இடம் அது. மாணவிகளின் எண்ணிக்கை விறுவிறுவென ஏறுவதைக் கண்ட ஜேன் ஸ்டான்ஃபோர்ட், ஒரே நேரத்தில் 500 பெண்களுக்கு மேல் அங்கே படிக்கக் கூடாது என்று வரம்பு விதித்தார். கணவரோடு சேர்ந்து அதை நிறுவியவர் அவர். மறைந்துபோன மகனின் நினைவாக எழுப்பிய பல்கலைக்கழகம் பெண்கள் கல்லூரியாகிவிடக் கூடாதே என்பது அவருடைய அச்சம். அதே ஆண்டில் ஆசிரியர் குழு ஒன்று, மாணவிகள் வேறு கல்லூரிகளோடு அணி விளையாட்டுகளில் மோதுவதைத் தடை செய்தது. உடல்நலம் கெடும், வேண்டாத விளம்பரம் வரும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள்.

அந்த வேண்டாத விளம்பரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1896 ஏப்ரல் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்ட் மாணவிகளும் பெர்க்லி மாணவிகளும் கூடைப்பந்து ஆடினார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் மோதிய முதல் ஆட்டம் என்று வரலாறு அதைத்தான் குறிக்கிறது. பக்கத்துக்கு ஒன்பது பேர். பார்வையாளர்களாக நூற்றுக்கணக்கான பெண்கள். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. ஸ்டான்ஃபோர்ட் 2-1 என்று வென்றது. மூன்றே ஆண்டுகளில் இந்தப் பெண்களின் கையிலிருந்து பந்து பிடுங்கப்பட்டது. 500 என்ற வரம்பு 1933 வரை நீடித்தது. எத்தனை பெண்கள் உள்ளே வரலாம், வந்தவர்கள் உடலை வைத்து என்ன செய்யலாம் என்ற இரண்டையும் ஒரே ஆண்டில் அளந்து வைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதே பல்கலைக்கழகம் ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஆள் அனுப்பி, பதினேழு வயதுப் பெண்களின் வீட்டு வாசலில் நின்று 'எங்களிடம் வந்து கூடைப்பந்து ஆடுங்கள்' என்று கேட்டது. நடுவில் நடந்ததுதான் நமக்கு முக்கியம்.

வீராங்கனைகளைத் தேடிப் பிடிக்கும் ஆட்சேர்ப்பைப் பெண்களே எதிர்த்த ஒரு காலமும் இருந்தது. 1971-இல் பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்கென்று ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதை அது தடுத்தது. ஆண்களின் கல்லூரி விளையாட்டு எப்படிச் சந்தையாகிப்போனது என்பதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். மாணவியை விலைபேசி வாங்குவது அவர்களுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் 1973-இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனைகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள்: அவனுக்குக் கிடைக்கும் பணம் எனக்கு ஏன் கிடையாது? சங்கம் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால்வழிப் பாகுபாட்டைத் தடை செய்யும் டைட்டில் நைன் சட்டம் வந்திருந்தது.

இந்த இரண்டு தரப்பில் எது பெண்ணியத் தரப்பு? வகுப்பறையில் கேட்டால் பலரும் சட்டென்று டென்னிஸ் பெண்களின் பக்கம் நிற்பார்கள். நானும் அங்கேதான் நிற்பேன். ஆனால் அந்த ஆசிரியைகளின் பயம் வெறும் பழமைவாதம் இல்லை. 1982-இல் ஆண்களின் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான போட்டிகளையும் எடுத்துக்கொள்ள, பெண்கள் கட்டிய சங்கம் முடங்கியது. 1972-இல் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் அது பாதிக்கும் கீழே போனது. பணம் வந்த இடத்துக்கு ஆண்களும் வந்தார்கள்.

டாரா வான்டர்வீர் 1985-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான். 1953-இல் பிறந்த அவர் நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்தபோது பெண்பிள்ளைகளுக்கு அணியே இல்லை. இருப்பதிலேயே நல்ல பந்தை வாங்கி வைத்துக்கொண்டாராம். பந்து வேண்டுமென்றால் பையன்கள் அவரையும் ஆட்டத்தில் சேர்த்தாக வேண்டும். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வென்றுகொண்டிருந்த அணியை விட்டுவிட்டு, தோற்றுக்கொண்டிருந்த ஸ்டான்ஃபோர்டுக்கு அவர் போனதை அப்பா பைத்தியக்காரத்தனம் என்றார். அப்பாவின் கணக்கு தப்பும் இல்லை. முதல் ஆண்டில் 13 வெற்றி, 15 தோல்வி.

ஸ்டான்ஃபோர்டில் பயிற்சியாளரின் கை கட்டப்பட்டிருக்கும். வேறு பல பல்கலைக்கழகங்களில் பயிற்சியாளர் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால் இடம் கிடைத்த மாதிரிதான். இங்கே முடிவு சேர்க்கை அலுவலகத்துடையது. உயரமும் வேகமும் கூடை தவறாத கையும் உள்ள பெண் என்றாலும், மற்றவர்களைப் போலவே கட்டுரைகள் எழுதி, மதிப்பெண்களோடு விண்ணப்பம் போட வேண்டும். கடினமான பாடங்களை எடுத்துப் படித்திருக்க வேண்டும். அலுவலகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மற்ற பயிற்சியாளர்கள் பள்ளிச் சிறுமிகளிடமே வாக்குக் கொடுத்துவிடும்போது, இவர் அவர்களுடைய மதிப்பெண் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டும். நாடு முழுக்கத் தேடினாலும் இந்தச் சல்லடையில் மிஞ்சுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

வான்டர்வீர் செய்தது எளிமையான காரியம். அந்தச் சல்லடையையே சரக்காக்கி விற்றார். டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஊரைச் சேர்ந்த ஜெனிஃபர் ஆஸி 1986-இல் ஸ்டான்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தார். அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நாக்ஸ்வில் நகரம். அங்கே பாட் சம்மிட் டென்னஸி அணியைப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்ததை விட்டுவிட்டு, பெயரெடுக்காத ஓர் அணிக்காக நாட்டின் மறுகரைக்குப் போனார் ஆஸி. ஆரிகன் மாநிலத்திலிருந்து கேட்டி ஸ்டெடிங் வந்தார். விஸ்கான்சினிலிருந்து சோன்யா ஹென்னிங் வந்தார். பின்னாளில் சட்டமும் படித்தார். 1990-இல் தேசிய இறுதி ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்ட் 88-81 என்று ஆபர்னை வென்றது. ஆட்டம் நடந்த இடம் நாக்ஸ்வில். பார்க்க வந்தவர்கள் 20,000-க்கும் மேல். ஆஸிக்கு அது சொந்த ஊர்த் திருவிழா மாதிரி.

அந்தப் பெண்கள் ஏன் வந்தார்கள்? படிப்பார்வம் என்ற பதில் பாதி உண்மை. மீதிப் பாதியை 1986-இன் கண்ணோடு பார்க்க வேண்டும். அன்று அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்து ஆடிப் பிழைக்க ஒரு தொழில்முறை லீக் கிடையாது. 1978-இல் தொடங்கிய ஒன்று 1981-இல் மூடப்பட்டிருந்தது. நன்றாக ஆடும் பையனுக்குக் கல்லூரி என்பது தொழில்முறை லீகுக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம். நன்றாக ஆடும் பெண்ணுக்கு அதுவே கடைசி ஊர். அதற்கப்பால் ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போகலாம், இல்லையென்றால் பந்தைக் கீழே வைக்கலாம். ஆஸியும் பட்டம் வாங்கிய பிறகு ஐரோப்பிய அணிகளில்தான் ஆடினார். ஆகவே நான்கு ஆண்டு உழைப்புக்குக் கையில் கிடைக்கப்போகும் ஒரே கூலி பட்டம்தான் என்றால், அதில் மதிப்புக் கூடியதைத் தேர்ந்தெடுப்பது கெட்டிக்காரத்தனம். ஸ்டான்ஃபோர்டின் ஆட்சேர்ப்பு வென்றதற்குக் காரணம் பயிற்சியாளரின் திறமை மட்டும் அல்ல. பெண்களுக்கு வேறெங்கும் கூலி இல்லாததும்தான்.

இந்த அணியைப் பற்றிய பேச்சில் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. 'புத்திசாலிப் பெண்களின் அணி' என்ற புகழ்ச்சி வர்ணனையாளர்களின் வாயில் சுலபமாக வரும். எதிரில் ஆடுகிறவர்கள் யோசிக்காமலா பந்தைப் போடுகிறார்கள்? கறுப்பினப் பெண்களின் ஆட்டத்தை உடல்பலம் என்றும், மற்றவர்களின் ஆட்டத்தை மூளை என்றும் பிரித்துப் பேசும் பழக்கம் அந்த நாட்டில் பழையது. சேர்க்கை அலுவலகத்தின் முத்திரை அந்தப் பழக்கத்துக்குப் புதுச் சட்டை மாட்டிவிடுகிறது. கடினமான பாடங்களே சொல்லித்தராத பள்ளியில் படித்த பெண், எவ்வளவு கூர்மையாக ஆடினாலும், அந்தச் சல்லடையில் ஏறக்கூட முடியாது.

ஸ்டான்ஃபோர்டை அதே ஆயுதத்தால் வீழ்த்தியவர்களும் இருந்தார்கள். ஹார்வர்ட் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கு உதவித்தொகையே தருவதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அங்கே 1982 முதல் பயிற்சியாளராக இருந்தவர் கேத்தி டெலேனி-ஸ்மித். அதற்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தபோது, மாணவிகளுக்குச் சம வசதி கேட்டு டைட்டில் நைன் சட்டத்தின் கீழ் அந்தப் பள்ளியின் மீதே புகார் கொடுத்தவர். தெற்குக் கரோலினாவின் செஸ்டர் என்ற சிற்றூரிலிருந்து அலிசன் ஃபீஸ்டர் அவரிடம் வந்தார். 1998 மார்ச் 14 அன்று, தரவரிசையில் கடைசியான 16-ஆம் இடத்திலிருந்த ஹார்வர்ட், முதலிடத்திலிருந்த ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கத்திலேயே 71-67 என்று தோற்கடித்தது. ஃபீஸ்டர் மட்டும் 35 புள்ளிகள். ஸ்டான்ஃபோர்டின் முக்கிய வீராங்கனைகள் இருவர் முழங்கால் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்களின் போட்டியில் இப்படி ஒன்று நடக்க இன்னும் 20 ஆண்டுகள் ஆயின.

விளையாட்டு வழியாகத் திறக்கும் அந்தக் கதவின் விலை என்ன என்பதை 2019-இல் வெளிவந்த மோசடி காட்டியது. விளையாடவே தெரியாத தங்கள் பிள்ளைகளை வீரர்களாகக் காட்டிப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் சேர்க்கப் பணக்காரப் பெற்றோர் லஞ்சம் கொடுத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் பாய்மரப் படகுப் பயிற்சியாளரும் அதில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விண்ணப்பிக்கும் நூறு பேரில் நான்கு பேருக்குக்கூட இடம் கிடைக்காத பல்கலைக்கழகம் அது.

2021 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. விதி மாறியது. கல்லூரி வீராங்கனைகள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதும் எளிதாகிவிட்டது. இப்போது பதினேழு வயதுப் பெண்ணின் வீட்டுக் கூடத்தில் பட்டத்தோடு சேர்த்துப் பணமும் மேசையில் வைக்கப்படுகிறது. மாறி வருகிறவர்களில் மிகச் சிலரையே எடுத்துவந்த ஸ்டான்ஃபோர்டுக்கு இது சிக்கல். வான்டர்வீர் 1,216 வெற்றிகளோடு 2024-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு, 1987-க்குப் பிறகு முதல்முறையாக, ஸ்டான்ஃபோர்ட் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. பழைய காலம் போயிற்றே என்று புலம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய காலம் பெண்கள் கூலியில்லாமல் ஆடிய காலம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1997-இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீகிலும் கூலி பெரிதாக இருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டின் கேமரன் பிரிங்க் 2024-இல் இரண்டாவது ஆளாகத் தேர்வானபோது முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 76,500 டாலர். அதே ஆண்டு ஆண்கள் லீகில் முதலாவதாகத் தேர்வானவருக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல்.

டெக்சாஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து உளவியல் படித்த நெக்கா ஒக்வுமிகே 2012-இல் அந்த லீகின் முதல் தேர்வாக நுழைந்தார். 2016-இல் வீராங்கனைகளின் தொழிற்சங்கத் தலைவரானார். 2020-இல் அவர் தலைமையில் கையெழுத்தான ஒப்பந்தம் மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம் பெற்றுத் தந்தது. 2024 அக்டோபரில், இது போதாது என்று சொல்லி, தான் போட்ட அதே ஒப்பந்தத்திலிருந்து சங்கம் விலகியது.