வடசென்னையில் வீடின்மை

வீடின்மை என்பது நிலையான உறைவிடமின்றி நடைபாதை, மேம்பாலத்தின் அடி போன்ற இடங்களில் வாழும் நிலையாகும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றோர் ஆவர். சென்னையில் இராயபுரம் பகுதியில் சில குடும்பங்கள் தலைமுறைகளாக நடைபாதையில் வாழ்கின்றன.

காரணங்கள்

சுமைதூக்குதல், மீன் விற்பனை முதலிய நாட்கூலித் தொழில்கள் துறைமுகத்தை ஒட்டியே கிடைக்கின்றன. அக்கூலியில் அங்கு வாடகை கொடுக்க இயலுவதில்லை.

விளைவுகள்

முகவரியின்மையால் குடும்ப அட்டை பெறுவது கடினமாகிறது. பெண்களுக்குக் குளிக்கவும் உறங்கவும் மறைவிடம் இல்லை.

தீர்வு முயற்சிகள்

வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் சென்னையில் மறுகுடியமர்வு பெரும்பாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தென்புறப் பகுதிகளிலேயே நடந்தது. தொழில் தொலைவாகிவிட்டதால் சிலர் நடைபாதைக்கே திரும்பினர். மாநகராட்சியின் காப்பகங்கள் தங்க இடமளிக்கின்றன; தொழிலுக்கு அருகே வீடு என்பதே நிலையான தீர்வாகும்.