திருகோணமலைத் துறைமுகமும் இரு வணிக வல்லரசுகளும்

யட்டவத்த மலைச்சாரலில் நின்று நோக்கினால் கடல் தெரியாது. ஆயினும் இம்மலைகளின் தலைவிதியை நிர்ணயித்தவற்றுள் கடற்போரும் ஒன்று. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் போட்டி என்றதும் நம் மாணவர் வந்தவாசிப் போரைச் சொல்வர். தாம் வாழும் தீவை மறந்துவிடுவர். அக்குறைக்கு ஆசிரியர்களாகிய நாமும் பொறுப்பாளிகளே.

சென்னையும் புதுச்சேரியும் அந்நாளில் திறந்த கடற்கரைகள். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தால் போர்க்கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நிற்க இயலாது. ஆங்கிலக் கடற்படை பம்பாய்வரை சென்று மீள வேண்டியிருந்தது. அக்காலத்தில் சோழமண்டலக் கரை காவலிழந்து கிடக்கும். எக்காற்றுக்கும் அடைக்கலம் தந்த துறை, ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலை. ஆகவே, அதனைப் பெற்றவர் வங்கக் கடலை ஆளலாம் என்பது இரு வல்லரசுகளின் கணக்கு.

1782 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் அதைக் கைப்பற்றினார். ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பறித்தார். செப்டம்பர் 3ஆம் நாள் இரு படைகளும் துறைக்கு வெளியே மோதின. முடிவான வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. பின்னர் ஏற்பட்ட சமாதானத்தின்படி துறைமுகம் ஒல்லாந்தரிடமே மீண்டது. அந்தக் கரையில் வாழ்ந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை.

இவ்விடத்து நாம் கண்டியையும் நினைக்க வேண்டும். அதே 1782இல் ஹியூ பாய்ட் என்பார் ஆங்கிலேயரின் தூதராகக் கண்டிக்கு வந்து, மன்னர் இராஜாதி இராஜசிங்கரின் நட்பைக் கோரினார். 1762இல் பைபஸ் என்பவரை அனுப்பிவிட்டுப் பின் வாளாவிருந்தவர்கள் இவர்கள் என்பதை அரசவை மறக்கவில்லை. இங்கிலாந்து மன்னரே நேரில் தூதனுப்பட்டும் என மன்னர் மறுத்தார். வணிகக் கும்பனியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவர் அறிந்திருந்தார். திரும்பும் வழியில் பாய்ட் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார்.

1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டைக் கைப்பற்றியது. ஒல்லாந்தரின் உடைமைகளைக் 'காப்பதாக'ச் சொல்லி ஆங்கிலேயர் அவ்வாண்டே திருகோணமலையையும், 1796இல் கொழும்பையும் பிடித்தனர். 1802ஆம் ஆண்டு அமியான் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தை அவர்களுக்கு உரித்தாக்கியது. 1815இல் கண்டியும் வீழ்ந்தது.

அதன் பின்னரே இம்மலைகளிற் காடு அழிந்து கோப்பி முளைத்தது. தமிழகத்துப் பஞ்சம் விரட்டிய கூலிகள் மன்னாரிலிருந்து நடந்து மாத்தளை வழியாக மலையேறினர். வழிநெடுக மாண்டவர் பலர். 1848இல் மாத்தளைச் சிங்கள விவசாயிகள் புதிய வரிகளை எதிர்த்துக் கிளர்ந்தபோது அரசு துப்பாக்கியால் விடை கூறியது. நிலமிழந்தவனும் உழைப்பை விற்றவனும் ஒரே ஆதிக்கத்துக்குப் பலியானார்கள். பின்னாளில் இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணியது வரலாற்றின் பெருந்துயரம்.

ஆகவே, வென்றவர் ஆங்கிலேயரா பிரெஞ்சுக்காரரா என்ற வினாவோடு பாடத்தை முடித்துவிடலாகாது. தோற்றவர் யார் என்றும் வகுப்பில் வினவுவோம். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் தன் தாத்தனின் பெயரையும், அயல்வீட்டுச் சிங்களத் தோழனின் தாத்தன் பெயரையும் ஒரே பக்கத்தில் எழுத நேரும்.