தோட்டத்து ஜீப்பிலிருந்து நெடும்பயண வண்டிக்கு: நெகிரி செம்பிலானில் பழைய லேண்ட் ரோவர்களின் மாற்றியமைப்பு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நான்கு சக்கர இழுவை வண்டி பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முன் தோட்டத்துப் பாரத்தைச் சுமந்தவை மனிதத் தோளும் மாட்டு வண்டியும் ரயிலும் லோரியும். சிரம்பானைப் போர்ட்டிக்சன் துறைமுகத்தோடு இணைத்த சுங்கை ஊஜோங் ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அதன் ஓரத்தில் இருந்த சிலியாவ் போன்ற வட்டாரங்களுக்குக் கப்பல்வரை சரக்கு அனுப்புவது பெரிய சிக்கலாக இல்லை. சிக்கல் எல்லாம் வெட்டுக்காட்டுக்கும் ஸ்டோருக்கும் இடைப்பட்ட சில மைல்களில்தான் இருந்தது. விடியலில் வெட்டிய ரப்பர் மரத்தின் பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். அமோனியா கலந்தாலும் தாமதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே ரப்பர்த் தோட்டத்தில் சாலை வசதிக்காகப் போடப்பட்டதன்று. பால் கெடாமல் ஸ்டோர் சேர வேண்டும் என்பதற்காகப் போடப்பட்டது.

அந்தச் சாலைகள் செம்மண் சாலைகள். தித்திவங்சா மலைத்தொடர் தெற்கே வந்து தேய்ந்து முடியும் இடம் நெகிரி செம்பிலான். ஜெலுபுவிலும் கோலா பிலாவிலும் நிலம் குன்றும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பகாவ், ரொம்பின், கெமஞ்சே பக்கம் அது அலை அலையாக விரிகிறது. ஒரு மழை பெய்தால் மேட்டுச் சாலையின் மேல்மண் வழவழப்பாகி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் லோரி அதே இடத்தில் சுழலும். டயரின் வெட்டுகளுக்குள் களிமண் அடைத்துக்கொண்டால் புதுடயரும் மொட்டை டயர்போல வழுக்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கான தேவை இங்கே மண்ணிலிருந்தே பிறந்தது.

போர் முடிந்து பிரிட்டிஷ் படை மலாயாவுக்குத் திரும்பியபோது அதனோடு அமெரிக்க ஜீப்புகளும் வந்தன. படைக்குத் தேவைப்படாமல் போனவை மெல்லத் தனியார் கைக்கு மாறின. தமிழர் பேச்சில் எந்த நான்கு சக்கர இழுவை வண்டியும் இன்றுவரை ‘ஜீப்’ என்றே வழங்குவது அந்தக் காலத்தின் எச்சம். லேண்ட் ரோவரும் ஜீப்பின் வழிவந்ததுதான். ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ் வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக அவர் எண்ணிய வண்டி 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் மக்கள் முன் வந்தது. பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்ததால் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. சேசிஸ் மட்டும் எஃகு. தட்டுப்பாட்டால் நேர்ந்த அந்த முடிவு மலாயாவின் ஈரக்காற்றுக்குப் பெரும் வரமாக அமைந்தது. எழுபது ஆண்டு கடந்த வண்டிகள் இன்னும் இங்கே மிஞ்சியிருப்பதற்கு அலுமினியம் முதல் காரணம். அவற்றில் பல ஓட முடியாமல் கிடப்பதற்கு அந்த எஃகுச் சேசிஸே காரணம்.

லேண்ட் ரோவர் அறிமுகமாகி இரண்டு மாதம் ஆவதற்குள் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று பேராவின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். ஜூன் 18இல் அவசரகால ஆட்சி நாடு முழுவதற்கும் விரிந்தது. 1960 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டத்து வண்டியின் வடிவத்தை மாற்றின. மலாயாவெங்கும் துரைமார் தம் வண்டிகளில் எஃகுத் தகடு பொருத்தினர். கதவுக்குத் தகடு, முன்கண்ணாடிக்குக் குறுகிய பார்வைத் துளை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது வண்டியின் எடை கூடிக்கொண்டே போனது. தொடக்கக் கால லேண்ட் ரோவரின் எடை சுமார் 1,200 கிலோ, இயந்திரம் 1.6 லிட்டர். அதன்மேல் தகடு ஏறினால் ஸ்பிரிங் தாழும், மேட்டில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் பிரேக் போதாது. ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை சேர்ப்பது, குறுக்குச் சட்டத்துக்கு ஒட்டு வைப்பது போன்ற வேலைகளுக்கு இத்தகைய சுமையே காரணம். இன்று நெடும்பயண வண்டியைத் தயார் செய்பவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வியும் இதே எடைக் கேள்விதான்.

தோட்டப் பட்டறையின் வேலைமுறையைப் புரிந்துகொள்ள அந்த வண்டியின் கியர்க் கம்பிகளைப் பார்த்தாலே போதும். 1958இல் வந்த இரண்டாம் வரிசை வண்டியிலும் 1971இல் வந்த மூன்றாம் வரிசையிலும் முதன்மைக் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சிறு கம்பிகள் நிற்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் வண்டி தாழ்நிலைப் பல்லுக்கு இறங்கும். அப்போது நான்கு சக்கர இழுவையும் தானே சேர்ந்துகொள்ளும். பேட்டரி இறந்துபோனால் முன்னாலிருந்து கைப்பிடி போட்டுச் சுழற்றிக் கிளப்பலாம். கணினி இல்லை, உணரி இல்லை. கழற்றி மாட்ட ஸ்பானர் பெட்டி, ஒரு ஜாக்கி, வெல்டிங் கருவி இருந்தால் ஏறக்குறைய எந்தப் பழுதையும் தோட்டத்திலேயே பார்த்துவிட முடியும். அவ்வேலையைப் பார்த்தவர்கள் பலர் தோட்டத் தமிழர்கள். துரையின் வண்டியை ஓட்டியவர், பால் லோரி ஓட்டியவர், பட்டறையில் கிரீஸ் கறையோடு நின்ற பிட்டர் ஆகியோரின் கைத்திறன் எழுத்தில் ஏறவில்லை. தோட்ட வரலாற்றை எழுதியவர்கள் பால்வெட்டையும் பெரட்டுக் களத்தையும் கங்காணியையும் விரிவாக எழுதினார்கள். பட்டறையைக் கடந்து போய்விட்டார்கள். அது ஒரு பெரிய குறை.

1950களின் நடுவில் இவ்வண்டியின் மற்றொரு வாழ்க்கை மலாயா மண்ணைத் தொட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் 86 அங்குல அச்சிடைத் தூரம் கொண்ட இரண்டு லேண்ட் ரோவர்களில் 1955 செப்டம்பர் 1 அன்று லண்டனிலிருந்து புறப்பட்டனர். ஒன்றுக்கு ஆக்ஸ்போர்டின் கருநீலம், மற்றொன்றுக்குக் கேம்பிரிட்ஜின் வெளிர்நீலம். போர்க்காலத்தில் வெட்டப்பட்டுப் பின் காடு மூடிய ஸ்டில்வெல் சாலை வழியாகப் பர்மாவைக் கடந்து, தாய்லாந்து, மலாயா வழியாக 1956 மார்ச் 6இல் சிங்கப்பூர் சேர்ந்தனர். அப்போது மலாயாவில் அவசரகாலம் முடிந்திருக்கவில்லை. அக்குழுவைச் சேர்ந்த டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய பயண நூல், பழைய லேண்ட் ரோவரை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வோரின் பாடநூல்போல ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜ் வண்டி பின்னொரு பயணத்தில் ஈரானில் பள்ளத்தாக்கில் விழுந்து போனது. ஆக்ஸ்போர்டு வண்டி செயின்ட் ஹெலினா தீவில் கிடந்து, மீட்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டது. 2019 ஆகஸ்டில் அது சிங்கப்பூரிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பி டிசம்பரில் லண்டனை எட்டியது. முதுமையில் உடல்நலம் இடம் தராததால் ஸ்லெஸ்ஸருக்குப் பதிலாக அவருடைய பேரன் நாட் ஜார்ஜ் அந்தப் பயணத்தில் சென்றார்.

தோட்டத்து வண்டியும் பயண வண்டியும் வெவ்வேறு வர்க்கத்தாரின் கைகளில் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் வேண்டியவை ஒன்றே: அதிகச் சுமை, ஆழமான நீர், அருகில் கடையில்லாத இடத்தில் பழுது பார்க்கும் வசதி. 1960களில் பிரிட்டனின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் நீள்சட்ட லேண்ட் ரோவரின் கூரையைத் திறந்து உயர்த்தக்கூடியதாக்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து விற்றது. அது வசதிக்கான மாற்றம். வண்டி ஊர்போய்ச் சேர்வதற்கான மாற்றங்கள் எவையென்று அறியச் சேறு மிதித்த வேலை வண்டிகளைத்தான் பார்க்க வேண்டும்.

1960களுக்குப் பிறகு ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை ஏறியது. 1956இல் தொடங்கிய நில மேம்பாட்டு வாரியமான பெல்டா, ஜெம்போல் வட்டாரத்தில் பாலோங், செர்த்திங் குடியேற்றங்களை உருவாக்கியது. செம்பனைக் குலையை அறுத்து ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் கூடித் தரம் குறைந்துவிடும். ஆகவே மழைக்காலத்திலும் வண்டி உள்ளே போக வேண்டும். மட்டை முள் டயரைக் குத்துவது இங்கே புதிய தொல்லையானது. 1980களில் 970 சிசி இயந்திரம் கொண்ட சுசுகி எஸ்ஜே 410 போன்ற எடை குறைந்த ஜப்பானிய வண்டிகள் வந்ததும் தோட்ட அதிகாரிகள் அவற்றுக்கு மாறினர். லேண்ட் ரோவர்கள் பட்டறைக்குப் பின்புறம் ஒதுங்கின. ஏலத்துக்கும் கழிவிரும்புக் கடைக்கும் போயின. கேமரன் மலையில் காய்கறி விவசாயிகள் அத்தகைய பழைய வண்டிகளை இன்றும் ஓட்டுவது மலேசியர் பலரும் கண்ட காட்சி.

அவ்வாறு ஒதுங்கிய வண்டியை இன்று பயணத்துக்காக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சேசிஸை. பெட்டி வடிவச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும்; வெளியே புதுச்சாயம் மின்னும். சிறு சுத்தியலால் நெடுக்கத் தட்டிக்கொண்டே போனால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று ஒலிக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும் உடலைத் தாங்கும் பக்கக் கைகளும் முதலில் போகும். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இவற்றைச் சரிசெய்யாமல் வின்ச்சும் கூரைச் சட்டமும் வாங்கிப் பூட்டுவது வீண்செலவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. வின்ச் முழு விசையில் இழுக்கும்போது அந்த விசை முழுதும் சேசிஸின் முன்முனையில்தான் விழுகிறது.

அடுத்தது இயந்திரம். 2.25 லிட்டர் டீசலின் திறன் 62 குதிரைத்திறன். தோட்டத்துக்குப் போதும், நெடுஞ்சாலைக்குப் போதாது. மலேசியாவில் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் பழைய வண்டிகளை விற்கும் ‘ஹாஃப்கட்’ கடைகள் இருப்பதால், ஜப்பானிய டீசல் இயந்திரத்தை மாற்றி வைப்பது இங்கே பரவிய வழக்கம். பிரிட்டனில் பழைய இயந்திரத்தையே புதுப்பிப்போர் அதிகம். இங்கே உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அது நியாயமான முடிவு. ஆனால் புது இயந்திரத்தின் முறுக்குவிசையைப் பழைய பின் அச்சுத் தண்டுகள் தாங்கா. பத்துப் பல் கொண்ட அந்தத் தண்டுகள் முறிவது இவ்வண்டியின் பேர்பெற்ற பலவீனம். 4.7:1 என்ற டிஃபரன்ஷியல் விகிதத்துக்குப் பதில் ரேஞ்ச் ரோவரின் 3.54:1 விகிதத்தை வைத்தால் சாலையில் இயந்திரம் அலறாது. ஆனால் செங்குத்து மேட்டில் தாழ்நிலைப் பல்லின் வலு குறைந்துவிடும். மாற்றங்கள் சங்கிலிபோல ஒன்றையொன்று இழுக்கின்றன. வேகம் கூடினால் பழைய டிரம் பிரேக் போதாது. ஒற்றைக் குழாய்த் தொகுதியை இரட்டையாக்கி, அழுத்தம் கூட்டும் சர்வோவைச் சேர்ப்பது தவிர்க்கக் கூடாத வேலை.

ஆறு கடக்கும் வண்டிக்குக் காற்றுக் குழாயை உயர்த்தினால் மட்டும் போதாது. சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சும், எண்ணெய் பால்நிறமாகிவிடும். அச்சுக்கும் கியர் பெட்டிக்கும் மூச்சுக் குழாய்களை மேலே கொண்டு போவது மிகச் சிறிய செலவு, மிகப் பெரிய காப்பு. சுமையைப் பொறுத்தவரை 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ; 100 லிட்டர் டீசல் 83 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. இவற்றைக் கூரையில் ஏற்றினால் சரிவில் வண்டி கவிழும் கோணம் குறையும். சேசிஸின் இரு நெடுக்குச் சட்டங்களுக்கு நடுவே தாழ்வாக வைப்பதே முறை.

1993இல் கேமல் டிராஃபி என்னும் காட்டுவழி வண்டிப் போட்டி சபாவில் நடந்தது. 1997இல் லூயிஸ் வீ மலேசியாவில் ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைத் தொடங்கினார். இவற்றின் பின் பெரிய டயர், உயர்த்திய உடல், இரட்டை வின்ச் ஆகியவை நாகரிகமாயின. போட்டி வண்டி சில நாள் தாங்கினால் போதும். பயண வண்டி பல்லாயிரம் கிலோமீட்டர் தாங்க வேண்டும். போட்டியின் அளவுகோலைப் பயணத்துக்குக் கொண்டுவந்ததால் நல்ல பழைய வண்டிகள் பல பாழாயின.

சட்டமும் இங்கே கணக்கில் வரும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் பெற்று, வாகனச் சோதனைக்குப் பின் புதிய இயந்திர எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எண் பொருந்தாத வண்டி எல்லைச் சாவடியைக் கடப்பது கடினம். தோட்டத்துக்குள்ளேயே ஓடிய வண்டிகளை வாங்குவோர் சாலைவரியும் பதிவும் தொடர்ந்து இருந்தனவா என்பதை விலை பேசும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவருகின்றன. தோட்டம் போகும்போது கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் காக்கக் குரல் எழுகிறது. பட்டறைக்காக யாரும் குரல் எழுப்புவதில்லை. பட்டை சேர்த்த ஸ்பிரிங், பட்டறையிலேயே வார்த்த புஷ், லோரியின் பாகத்தை வெட்டிப் பொருத்திய தாங்கி எனப் பழைய வண்டிகளில் பட்டறைத் தொழிலாளர்களின் வேலை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. மீட்டெடுப்போர் அவற்றைக் கழற்றி எறியும் முன் படமெடுத்து, செய்தவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும். தோட்டத்து ஓட்டுநர்களும் பிட்டர்களும் மூத்துவிட்டனர். மலேசியத் தமிழாய்வு மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களின் வீட்டுக்கு இந்த ஆண்டே போக வேண்டும்.