முருகைக்கற்பாரும் மலைநாடும்

பேராதனையைத் தழுவியோடும் மகாவலி கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. ஆதலின் முருகைக்கற்பாரின் வரலாறு மலைநாட்டார்க்கு அயலானதன்று.

தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை அகழ்ந்து சுண்ணாம்பு சுடுந் தொழில் நெடுங்காலம் நிலவிற்று. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னரும் அது முற்றாக ஒழியவில்லை. 1998 இற் கடல்நீர் வெப்பமுற, ஹிக்கடுவையின் முருகையுயிர்கள் பெரும்பாலும் வெளிறி மடிந்தன. எனினும், எஞ்சிநின்ற கற்பார் 2004 இல் ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்ததென ஆய்வாளர் கண்டனர். கல் அகழப்பட்ட பெரலியவிலோ புகையிரதம் புரண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கடலின் வெப்பத்தை நாம் தனித்துத் தணித்தல் அரிது. ஆனால், மலைச்சரிவின் மண் ஆற்றொடு சென்று முருகையை மூடாது காத்தல் நம் கையிலுள்ளது.