பந்தியும் கிருபையும்: தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் ஒரு வழக்கின் வரலாறு (1706–1850)

1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் இந்தியருள் முதற்குரு அவரே என்பதை மிஷன் வரலாறுகள் பெருமையோடு பதிவுசெய்கின்றன. அவை விரைந்து கடந்துபோகும் செய்தி ஒன்றும் உண்டு. அப்பட்டத்திற்கு எண்ணப்பெற்றவர் ஆரோன் ஒருவரல்லர். தஞ்சை மன்னர் படையில் சேவகராயிருந்து, 1720களின் இறுதியில் தரங்கம்பாடிச் சபையை அடைந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாராக உழைத்த இராசநாயக்கன் பெயரும் ஆராயப்பெற்றது. ஆரோன் வேளாளர், இராசநாயக்கன் பறையர். இராசநாயக்கன் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர் நற்கருணை வாங்கமாட்டார் என்னும் அச்சம் அம்முடிவில் பெரும்பங்கு வகித்தது.

மனிதன் தன் செயல்களால் அன்றி இறைவனின் கிருபையாலேயே நீதிமான் ஆகிறான் என்பது லுத்தர் வழிவந்த சபையின் அடித்தளக் கொள்கை. அக்கொள்கையைத் தமிழகத்திற்குக் கொணர்ந்த மிஷனிலேயே, கிருபையின் திருவிருந்து எவர் கையால் வழங்கப்படலாம் என்பதைப் பிறப்பு முடிவுசெய்தது. இம்முரண்பாட்டை மிஷனரிகளின் தனிப்பட்ட குறைபாடு என்று மட்டும் கொள்வது போதாது. 'கிருபையா, சட்டமா' என்னும் வழக்கு தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சாதி என்னும் களத்திலேயே நடைபெற்றது. அக்களத்தில் 'கிருபை' என்ற சொல் யாருக்குத் துணைநின்றது என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தியோகியாப் பந்தி

வழக்கின் மூலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார். அந்தியோகியாவில் பேதுரு, விருத்தசேதனம் பெறாத பிற இனத்தாரோடு ஒன்றாய் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். மற்ற யூதக் கிறிஸ்தவரும் அவரைப் பின்பற்றினர். பர்னபாவும் அதில் இழுபட்டார். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கடிந்தார். செயல்களால் அல்ல, விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமான் ஆகிறான் என்னும் வாதம் அந்நிருபத்தில் இதனைத் தொடர்ந்தே வருகிறது.

இந்த அடைவைப் பிற்கால இறையியலார் பலர் போதிய அளவு கருதவில்லை என்பது என் எண்ணம். கிருபைக் கொள்கை ஒரு தனிமனிதனின் மனச்சான்றுத் துயரிலிருந்து பிறந்ததாகவே லுத்தருக்குப் பின் பெரிதும் வாசிக்கப்பெற்றது. நிருபத்திலோ அது உணவுப் பந்தியில் எழுந்த பூசலோடு பிணைந்து நிற்கிறது. யாரோடு உண்பது என்ற வினா அங்கே கிருபைக்குப் புறம்பான ஒழுங்குமுறைச் சிக்கலன்று. கிருபையே அங்குதான் சோதிக்கப்பட்டது. உண்பதையும் உண்ணாமையையும் கொண்டே மனிதரின் இடத்தை வகுத்த தமிழ்ச் சமூகத்தில் இப்பகுதி எளிதில் விளங்கியிருக்க வேண்டும்.

சொல்லுக்கு முன்பே இருந்த வழக்கு

கிரேக்க மூலத்தின் 'காரிஸ்' என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கிய சொற்கள் பல. பழைய கத்தோலிக்க மன்றாட்டுகளில் 'பிரியதத்தம்', 'இஷ்டப்பிரசாதம்' முதலியன காணப்படுகின்றன; இன்றைய கத்தோலிக்க வழக்கு 'அருள்' என்பதாகும். சீர்திருத்த சபைகளில் 'கிருபை' நிலைபெற்றது. அதற்கு எதிர்நிலையாக நின்ற 'நோமோஸ்' என்பது 'நியாயப்பிரமாணம்' ஆயிற்று. அறம் என்ற சொல் இவ்விடத்தைப் பெறாதது கருதத்தக்கது. அறம் பெற்றிருந்தால், கிருபைக்கும் அறத்திற்கும் பகை என்றாகி, குறள் கற்ற தமிழர் செவிக்கு அது ஏற்றிருக்காது.

கிருபை என்ற சொல் வெற்றிடத்தில் வந்து விழவில்லை. சைவ சித்தாந்தம், மலபரிபாகமும் இருவினையொப்பும் வாய்த்தபோது சத்திநிபாதம் நிகழும் என்று அருளின் பொழுதை வரையறுத்திருந்தது. வைணவத்தில் பிணக்கு இன்னும் கூர்மையானது. உயிரின் பங்காகச் சிறு வியாஜமேனும் வேண்டும் என்றது வேதாந்த தேசிகர் மரபு. இறைவன் கிருபை நிர்ஹேதுகம், காரணம் நாடாதது என்றது பிள்ளை லோகாசாரியர் மரபு. குரங்குக்குட்டி தாயைப் பற்றுவதும், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதும் இவ்விரண்டுக்கும் உவமையாயின. காரணமற்ற கிருபையைப் பேசிய பிள்ளை லோகாசாரியர், அடியாரின் பிறப்பை ஆராய்வது கொடுங்குற்றம் என்று கூறியதும் தற்செயலன்று.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அந்தணரல்லாத திருக்கச்சி நம்பி உண்ட மிச்சத்தை உண்ண இராமானுசர் விரும்பினார். அவர் இல்லாத வேளையில் நம்பிக்கு அமுதிட்ட மனைவியார், மிச்சத்தை அகற்றி, இடத்தைத் தூய்மைசெய்து, நீராடிப் புதிதாகச் சமைத்தார். அங்கும் கிருபை சோதிக்கப்பட்ட இடம் அடுக்களையே.

ஹாலேயும் தரங்கம்பாடியும்

1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் ஜெர்மனியில் பயட்டிசம் எனப்பட்ட பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர்கள். ஹாலே நகரில் அவ்வியக்கத்தை நடத்திய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, 1687இல் தாம் அடைந்த மனமாற்றத்தைத் தெளிவாக விவரித்தவர். ஆழ்ந்த மனத்துயர், போராட்டம், பின்பு கிருபையின் விடியல் என்று அமைந்த அந்த அனுபவம், அவரைச் சூழ்ந்தோரிடையே காலப்போக்கில் எல்லார்க்கும் உரிய வழிமுறையாக இறுகிற்று. கிருபையே ஒரு படிமுறையாக, ஏறத்தாழ ஒரு சட்டமாக மாறிய விந்தை இது. சின்சென்டோர்ஃபின் மொரேவியச் சகோதரர் இதனை மறுத்தனர். அவர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறியபோது ஹாலே மிஷனரிகள் அவர்களை மகிழ்ந்து வரவேற்கவில்லை.

சீகன்பால்கு தமிழரின் ஒழுக்க நூல்களை மதித்தவர். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். தமிழரிடம் நீதி உண்டு, கிருபையின் செய்தி இல்லை என்பது அவர் நிலைப்பாடு. 1712 முதல் 1714 வரை மிஷனரிகள் தமிழரிடமிருந்து எழுதிப்பெற்று ஹாலேக்கு அனுப்பிய கடிதங்கள் இதற்குச் சுவையான எதிர்க்குரலாகும். கிறிஸ்தவரின் குடியையும் மாட்டிறைச்சி உணவையும் தூய்மையின்மையையும் அவை சுட்டுகின்றன. கோட்டையைச் சூழ்ந்த ஐரோப்பியரின் வாழ்வை அன்றாடம் கண்டவர்களுக்கு, செயலைக் கணக்கில் கொள்ளாத மீட்பு என்பது ஒழுங்கின்மைக்குத் தரும் உரிமம் போலத் தோன்றியதில் வியப்பில்லை.

1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலும் அதனைப் பின்பற்றிய சபைகளிலும் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமரும் வழக்கம் வேரூன்றியது. நற்கருணை பெறும் வரிசையிலும் முன்பின் இருந்தது. இவ்வேறுபாடு மார்க்கத்தைச் சார்ந்ததன்று, உலகியல் மரியாதையே. கிருபை உள்ளத்தில் வேலைசெய்யும், காலப்போக்கில் இது கரையும் என்பது மிஷனரிகளின் விளக்கம். 1750இல் வந்து 1798இல் தஞ்சையில் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரும் இம்மென்மையான வழியையே மேற்கொண்டார். கட்டாயம் கூடாது என்ற அவர் எண்ணத்தில் நேர்மை உண்டு. ஆனால் காத்திருக்கும் சுமை ஒரு பக்கத்தாரின் தோளிலேயே வைக்கப்பட்டது.

தஞ்சைக் கலகம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதிய மிஷனரிகள் இப்பொறுமையை ஏற்கவில்லை. 1820களின் இறுதியில் தஞ்சையில் ஒன்றாய் அமர்தலும் ஒரே கிண்ணத்தில் பருகுதலும் வற்புறுத்தப்பட்டபோது வேளாளக் கிறிஸ்தவர் எதிர்த்தெழுந்தனர். அவர்களுடைய வலிமை மிக்க குரல் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சுவார்ட்ஸின் வளர்ப்பில் கற்றவர். சரபோசி மன்னரின் நண்பர். 1829ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய கண்டனங்கள் புதிய மிஷனரிகள் மீது நான்கு குற்றங்களைச் சாட்டுகின்றன: பப்ரிசியுவின் வேத மொழிபெயர்ப்பை மாற்றினர், சாதிகளைக் கலக்க வற்புறுத்தினர், திருமணம் முதலிய விழாக்களில் மலரை விலக்கினர், தமிழிசைப் பாடல்களைத் தடுத்தனர்.

இப்பட்டியலை ஒரே மூச்சில் வாசிப்பவர் தடுமாறுவர். மலரையும் இசையையும் தடுத்தமை, பவுல் எதிர்த்த நுகத்தைப் போன்றதே. கூந்தலில் சூடிய மல்லிகைக்கும் மீட்புக்கும் என்ன பகை? அவ்வகையில் சாஸ்திரியார் கிருபையின் பக்கம் நின்றார். அவரும் அவரைப் போன்றோரும் தமிழ்ப் பண்ணைக் காத்திராவிடில் இன்றைய கீர்த்தனை மரபு இவ்வளவு வளம் பெற்றிராது. ஆயினும் அதே வாதத்தின் நிழலில் சாதி இருக்கையும் காப்பாற்றப்பட்டது. மலரும் பண்ணும் எவரையும் பந்தியிலிருந்து விலக்குவன அல்ல, சாதி விலக்குவது. இவ்வேறுபாட்டைச் சாஸ்திரியார் காணவில்லை. புதிய மிஷனரிகளும் காணவில்லை. அவர்களுக்கு மலரும் சாதியும் ஒருசேர 'அஞ்ஞானம்'.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். வேப்பேரி, தஞ்சை முதலிய இடங்களில் வேளாளர் பலர் சபையைவிட்டு விலகினர். 1840களில் தரங்கம்பாடி மிஷனை ஏற்று நடத்தத் தொடங்கிய ஜெர்மானிய லுத்தரன் சங்கம், பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப்பட்டது. அவ்வாறு விலகியோருள் ஒரு பகுதியினர் அதில் அடைக்கலம் கண்டனர்.

1850: உணவே சான்று

1850இல் கூடிய சென்னை மிஷனரி மாநாடு வழக்கை அதன் உச்சத்திற்குக் கொண்டுசென்றது. தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்டு சாதியை முறித்ததாகக் காட்டாத எவரையும் சபையில் சேர்க்கலாகாது என்ற கருத்தில் அது தீர்மானம் இயற்றியது. லைப்சிக் மிஷன் இதில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்ட தமிழறிஞர். 1849 முதல் 1853 வரை கீழை நாடுகளில் பயணம் செய்து தமிழகத்தை நேரில் கண்டவர். உணவுச் சோதனை நற்செய்தியைச் சட்டமாக்குகிறது, உள்ளத்தின் மாற்றத்தைப் புறச்செயலால் அளக்கிறது என்பது அவர் தரப்பு மறுப்பின் சாரம்.

இறையியல் நூலளவில் கிரவுலின் வாதம் பிழையற்றது. உண்டதற்காகச் சேர்ப்பதும் விருத்தசேதனத்திற்காகச் சேர்ப்பதும் வடிவத்தில் ஒன்றே. அச்சட்டத்தை விதித்த ஐரோப்பியரின் சொந்த உணவு மேசையில் தமிழ்க் கிறிஸ்தவருக்கு எத்தனை நாள் இடம் கிடைத்தது என்று எவரேனும் கேட்டிருப்பின் அதுவும் தகுந்த வினாவே. எனினும் கிரவுல் அந்தியோகியாவைத் தலைகீழாக வாசித்தார் என்றே கூறவேண்டியுள்ளது. அங்கே கிருபை என்பது பேதுருவுக்கு விலகி உண்ணும் உரிமையை அளிக்கவில்லை. விலகியதையே பவுல் கிருபைக்கு மாறான செயலாகக் கண்டார். பந்தியில் சேர்வது மீட்புக்குச் செலுத்தும் விலையன்று. மீட்கப்பட்டோர் வேறு எவ்வாறும் உண்ண இயலாது என்பதே நிருபத்தின் போக்கு. சென்னை மாநாட்டார் கனியைக் கட்டணமாக்கினர். லைப்சிக் தரப்பினர் கட்டணம் வேண்டாம் என்று கூறிக் கனியையும் காத்திருப்பில் வைத்தனர். லைப்சிக் மிஷனுக்குள்ளேயே இதனை உணர்ந்தோர் இருந்தனர். கார்ல் ஓக்ஸ் சாதிச் சிக்கலின் பொருட்டே 1850களின் இறுதியில் அதனைவிட்டுப் பிரிந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணி பின்பு டேனிஷ் மிஷனாக வளர்ந்தது.

இவ்வழக்கின் மரபுரிமை தமிழகத்தோடு நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிற்குச் சென்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வழிபாட்டிடம் எழுப்பிய தமிழ் லுத்தரன்கள் தரங்கம்பாடி வழிவந்தோரே. அவர்கள் கொண்டுசென்ற பாட்டும் வேதமும் ஆராயப்பட்டுள்ளன; கொண்டுசென்ற இருக்கை ஒழுங்கும் பந்தி வழக்கமும் ஆராயப்பட வேண்டியவை. சபைப் பதிவேடுகளிலும் முதியோர் நினைவிலும் அவற்றிற்குச் சான்று தேடப்படலாம். தேடுவோர் குருமாரின் அறிக்கைகளோடு நின்றுவிடாமல், பின்வரிசையில் அமர்ந்தோரின் குடும்பங்களையும் கேட்பது நன்று. மேலே கண்ட எழுத்துகள் அனைத்திலும், கட்டாயம் வேண்டாம் என்றவரும் வேண்டும் என்றவரும் பேசுகின்றனர். இராசநாயக்கனின் இனத்தார் எதை விரும்பினர் என்பதை அவர்கள் வாய்மொழியாக அவற்றுள் மிக அரிதாகவே காண்கிறோம்.

இராசநாயக்கன் தம் வாழ்நாள் இறுதிவரை உபதேசியாராகவே பணிபுரிந்தார். அவர் பேச்சால் சபையை அடைந்தோர்க்கு நற்கருணை வழங்க வேறு கைகள் வந்தன.